தொண்டைக்கு வந்த கண் மருந்து

என் மனைவிக்குக் கண்ணில் வியாதி என்று சொன்ன நாள் வரைக்கும் கண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்தான். அது பார்க்கும். மிளகாய்த் தூள் பட்டால் எரியும். இரண்டாவது, தொழிலால் வந்த அறிவு. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மசாலா அரைத்துக் கொடுக்கும் கடையில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். மல்லி, மிளகாய், மஞ்சளை வீட்டில் காயவைத்துக் கொண்டுவந்து அரைத்து வாங்கிப் போகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். செகண்டரி ஒன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மெஷினுக்கு வாய் கிடையாது, நமக்குப் படிப்பு கிடையாது, அதனால் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

அவள் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போடத்தான் போனாள். கண்ணாடிக் கடையில் பார்த்த பிள்ளை, "ஆன்ட்டி, பாலிகிளினிக் போய் ஒரு தடவை காட்டுங்க" என்றது. பாலிகிளினிக்கில் பார்த்துவிட்டுப் பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த டாக்டர் ஒரு சீனப் பெண், வயது குறைவு, பேச்சு நிதானம். கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் காட்டினார். சிவப்புத் தரையில் மஞ்சளாக ஒரு வட்டம், வட்டத்துக்கு நடுவே வெள்ளையாக ஒரு குழி. கண்ணின் பின்பக்கத்திலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு தொடங்கும் இடமாம் அது. பார்வை நரம்பு. நடுவில் இருக்கும் குழிக்குக் 'கப்' என்று பெயர். இடது கண்ணில் கப் பெரிதாகியிருக்கிறது என்றார்.

"பெரிசானா நல்லதா டாக்டர்?" என்று கேட்டேன்.

மேசைக்கு அடியில் என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. குழி பெரிதானால் அதைச் சுற்றியிருக்கிற நரம்பு இழைகள் குறைந்துபோய்விட்டன என்று அர்த்தம் என்றார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பை நசுக்குகிறது. இதற்குப் பெயர் கிளாக்கோமா. போனது போனதுதான், திரும்பி வராது. இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து. அழுத்தத்தைக் குறைக்கக் காலையில் எட்டு மணி, ராத்திரி எட்டு மணி, இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு. அடுத்த தடவை வரும்போதும் குறையாமல் இருந்தால் இடது கண்ணுக்கு ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

வெளியே வந்ததும் அவள், "கேண்டீன்ல தோசை இருக்குமா மச்சான்?" என்று கேட்டாள். என் காதில் 'திரும்பி வராது' மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நான் கவலைப்படுகிறவன். அது ஊருக்கே தெரியும். கேஸை மூடினேனா என்று லிஃப்ட் வரைக்கும் வந்து திரும்பிப் போகிற ஆள். மழை வந்தால் மகள் நனைவாள் என்று ஃபோன் போடுவேன். அவள் ஆபீஸில் பன்னிரண்டாவது மாடியில் உட்கார்ந்திருப்பாள். இப்படிப்பட்டவனிடம், வலிக்காத, சிவக்காத, வெளியே தெரியவே தெரியாத ஒரு வியாதியைக் கொடுத்தால் என்ன செய்வான்? ராத்திரி என் மனைவி டிவி பார்க்கும்போது பக்கவாட்டில் போய் நின்று விரலை ஆட்டிக் காட்டுவேன். ஓரப்பார்வைதான் முதலில் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"மூணு விரல்," என்பாள், தலையைத் திருப்பாமல். "ஒண்ணுல மஞ்சக் கறை. இப்ப போய் உக்காருங்க."

பயத்துக்கு ஒரு வைத்தியம்தான் எனக்குத் தெரியும். எதைப் பார்த்துப் பயமோ அதன் பேரைத் தெரிந்துகொள்வது. பேர் தெரியாத நாய்தான் அதிகம் குரைக்கிற மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரியில் தமிழில் அச்சடித்த தாள் ஒன்று கொடுத்திருந்தார்கள். அதிலிருந்த தமிழ் எனக்கு இங்கிலீஷைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரே வரியில் 'முன்னறை', 'நீர்மம்', 'வடிகால் கோணம்' என்று வந்தால் நான் எங்கே போவேன்? அதனால் எங்கள் வீடு இருக்கும் பிடோக்கிலிருந்து கடைக்குப் போகும் ரயிலில் ஃபோனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப. காதில் இயர்ஃபோன் மாட்டியிருந்தாலும் பக்கத்தில் இருப்பவர்கள் திரையில் உருளும் பெரிய கண்ணைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்வார்கள்.

மெல்ல மெல்ல எனக்குப் பிடிபட்டது. கண்ணுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி, கார்னியா. அதற்குப் பின்னால் நிறமாக இருக்கும் திரை, ஐரிஸ். அந்தத் திரையில் நடு ஓட்டை, நாம் கண்ணின் பாப்பா என்று சொல்வது. திரைக்குப் பின்னால் ஒரு இடத்தில் எந்நேரமும் தெளிந்த தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. இது கண்ணீர் இல்லை, வேறு. அழுதாலும் சிரித்தாலும் வெளியே வராத உள்தண்ணீர். அது பாப்பா வழியாக முன்பக்கம் வந்து, திரையும் கண்ணாடியும் சேர்கிற மூலையில் வடிந்து போகிறது. அந்த மூலைக்குத்தான் ஆங்கிள் என்று பேர். ஆங்கிள் என்றால் எனக்குப் பள்ளிக்கூடத்தில் அரைவட்டப் பிளாஸ்டிக் வைத்து அளந்ததுதான் ஞாபகம். கண்ணுக்குள் போய் யார் அதை வைத்தார்கள் என்று இருந்தது.

அந்த மூலையில் ஒரு வலை இருக்கிறதாம், தண்ணீரை வடிகட்டி வெளியே விட. அதைக் கேட்டதும் ரயிலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சல்லடை. என் சல்லடை. மஞ்சள் ஈரமாக இருந்தால் சல்லடைக் கண் அடைத்துக்கொள்ளும்; மேலே மாவு குவியும், கீழே ஒன்றும் விழாது. அவள் கண்ணில் மூலை திறந்துதான் இருக்கிறது, சல்லடைதான் மெதுவாகிவிட்டது. மூலையே திடீரென்று மூடிக்கொள்கிற வகை வேறு. அதற்குத்தான் கண் சிவந்து, தலை பிளந்து, வாந்தி எடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அது அவளுக்கு இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தும், அவள் தலைவலி என்று சொன்னால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன்.

ராத்திரி மருந்து விடுவது என் வேலை. கடையிலிருந்து வந்ததும் கையை சோப்புப் போட்டு ஒரு தடவை, எலுமிச்சைத் தோலால் ஒரு தடவை, மறுபடி சோப்பு. அப்படியும் அவள் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தலையைச் சாய்ப்பாள். காலையில் நான் சீக்கிரம் கிளம்பிவிடுவதால் அதை அவளே விட்டுக்கொள்வாள். எட்டு மணிக்கு என் ஃபோனில் மணியடிக்கும். மெஷினை நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிடுவேன். எட்டு என்றால் எட்டு. ஐந்து நிமிஷம் தள்ளினால் நரம்பில் ஒரு இழை போய்விடும் என்பது என் எண்ணம். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. நானே கட்டிக்கொண்டது, அவளிடமும் அதையே சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு ராத்திரி மருந்து விட்டபின் அவள் முகத்தைச் சுளித்தாள். "கண்ணுலதான் விடுறீங்க. தொண்டை ஏன் கசக்குது?"

இதற்குத்தானே நான் காத்திருந்தேன். கண்ணின் உள்மூலையில், மூக்குப் பக்கம், சின்னதாக ஒரு ஓட்டை இருக்கிறது, அங்கிருந்து ஒரு குழாய் மூக்குக்குள் இறங்குகிறது, அதனால்தான் அழுதால் மூக்கு ஒழுகுகிறது, கண்ணில் விட்ட மருந்தும் அந்த வழியாகத் தொண்டைக்கு வந்துவிடும் என்று விரலால் அவள் முகத்திலேயே வழி போட்டுக் காட்டினேன்.

"அப்ப வயித்துக்கும் போகுமா?"

"கொஞ்சம் போகும்."

"ம்," என்றாள். "டாக்டருக்குப் படிச்சிருந்தா நல்லா வந்திருப்பீங்க." எனக்கு அன்றைக்குத் தூக்கம் சுகமாக வந்தது.

கொஞ்ச நாளில் நோன்பு மாதம் வந்தது. எட்டு மணிக்கு நான் கூப்பிடுவது நிற்கவில்லை.

"மருந்து?" என்பேன்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்பாள்.

எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று அர்த்தம். சரி என்று மெஷினைப் போடுவேன்.

ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்ன நாள் நோன்பின் கடைசிப் பகுதியில் விழுந்தது. ரயிலில் இருவருக்கும் வாய் உலர்ந்திருந்தது. அவளுக்கு நோன்பினால், எனக்கு அதோடு ஆபரேஷனை நினைத்தும். இன்றைக்குத்தான் தெரியும். அழுத்தம் குறைந்திருந்தால் வீட்டுக்கு, குறையாவிட்டால் கத்தி. நர்ஸ் ஒரு மலாய்ப் பெண், முக்காடு போட்டவர். அழுத்தம் பார்க்கும் முன் கண்ணை மரத்துப்போகச் செய்யும் மருந்தோடு வந்தார். என் மனைவி தலையைப் பின்னால் இழுத்தாள். கையை வாய்க்குக் குறுக்கே வைத்துக்கொண்டாள், கண்ணுக்கு இல்லை, வாய்க்கு.

நர்ஸ் ஒரு நிமிஷம் பார்த்தார். "புவாசா, மாச்சிக்?" என்றார். நோன்பா அம்மா என்று அர்த்தம்.

என் மனைவி தலையாட்டினாள்.

"நானும்தான்," என்றார் நர்ஸ், மலாயும் இங்கிலீஷும் கலந்து. "கண் மருந்து ஓகே லா. நோன்பு போகாது." பிறகு, இத்தனை வருஷம் இதே நாற்காலியில் எத்தனை பேரைப் பார்த்தாரோ, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வீட்டில் காலை மருந்து விடுறீங்களா?"

நான் முந்திக்கொண்டேன். "டெய்லி. எட்டு மணி. நான் கால் பண்றேன்."

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கண் படத்தைப் பார்த்துக்கொண்டு, "நோன்பு ஆரம்பிச்சதுலேருந்து காலையில விடல," என்றாள்.

மரத்துப்போகும் மருந்து எனக்கு விட்டது போல இருந்தது.

அழுத்தம் கூடியிருந்தது. போன தடவையைவிட. டாக்டர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மருந்தே வேலை செய்யவில்லையா, மருந்து உள்ளே போகவில்லையா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அதனால் இன்றைக்கு ஆபரேஷனைப் பற்றி முடிவெடுக்க மாட்டேன். ஒரு மாதம் ஒழுங்காக விட்டுவிட்டு வாருங்கள், அழுத்தத்தோடு ஓரப்பார்வையையும் மறுபடி அளந்து பார்க்கலாம். இந்த வாரங்களில் நரம்புக்கு ஏதாவது ஆகியிருந்தால் அப்போது தெரியும்.

திரும்பும் ரயிலில் கதவோரம் போய் நின்றுகொண்டேன். அவளே பக்கத்தில் வந்து ஆரம்பித்தாள்.

"நான் பொய் சொல்லல மச்சான். அல்ஹம்துலில்லாஹ்னுதான் சொன்னேன்."

"அது எனக்குச் சொன்ன பதிலா?"

"அல்லாஹ்வுக்குச் சொன்னது. உங்க காதுல விழுந்துச்சு."

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்தாள். "நீங்கதானே குழாய் போட்டுக் காட்டினீங்க. கண்ணுலேருந்து தொண்டை, தொண்டையிலேருந்து வயிறுன்னு. வயித்துக்கு ஒண்ணு போகுதுன்னு தெரிஞ்சே எப்படி விடுவேன்? பித்தப்பை ஆபரேஷன் அப்ப ஒரு மாசம் முழுசா நோன்பு விட்டுப்போச்சு. இந்த தடவை ஒண்ணுகூட விடக்கூடாதுன்னு இருந்தேன்."

"பள்ளிவாசல் ஆலிம்சாகிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா விடலாம்னு சொல்லிடுவார். சொன்னாலும் எனக்கு மனசு ஒப்பாது. அப்புறம் அவர் பேச்சையும் மீறின மாதிரி ஆயிடும்." பிறகு, "வலிச்சிருந்தா மருந்து விட்டிருப்பேன். வலிக்கவே இல்லையே. வியாதி இருக்குன்னே தோணல," என்றாள்.

எனக்கும் தோன்றவில்லையே. அவள் கண்ணைப் பார்த்தால் நிக்காஹ் அன்றைக்குப் பார்த்த அதே கண்ணாகத்தான் இருந்தது.

"விடியறதுக்கு முன்னாடி சாப்பிட ஸஹருக்கு எழுந்திருக்கிறப்ப விட்டிருக்கலாம்ல? ராத்திரி மருந்து எப்படியும் நோன்பு திறந்த பிறகுதானே."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எட்டு மணின்னீங்க. அஞ்சு நிமிஷம் தப்பினா என்னென்னமோ ஆகும்னீங்க. ஸஹர் எங்க, எட்டு மணி எங்க?"

ரயில் சுரங்கத்துக்குள் போனதும் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அதை நான் விரும்பிப் பார்க்கவில்லை.

கிளம்பும்போது நர்ஸ் சொல்லியனுப்பியதைத்தான் பிறகு பிடித்துக்கொண்டோம். ஸஹர் நேரமும் நோன்பு திறந்த நேரமும் தாராளமாகப் போதும், இரண்டுக்கும் நடுவில் இடைவெளி சரியாகத்தான் இருக்கிறது. மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். குழாயின் வாயை அடைத்துவிட்டால் மருந்து கண்ணிலேயே தங்கும், தொண்டைக்கு அவ்வளவாக வராது. எங்கள் வீட்டில் குழாயைப் பற்றி இவ்வளவு பாடம் நடத்தினவன் நான். அதை விரலால் அடைக்கலாம் என்கிற பாடம் வரைக்கும் அந்த வீடியோவை நான் பார்த்திருக்கவில்லை.

அவளுக்குத் தெரியாமல் ஆலிம்சாவையும் பார்த்தேன். பள்ளிவாசலில் சாயங்கால அஸர் தொழுகை முடிந்து, நோன்புக் கஞ்சி வாங்க ஆட்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்த நேரம். விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொன்னார்.

"கண்ணுக்கு சுர்மா மை போட்டா நோன்பு முறியுமா?" என்று அவரே கேட்டார்.

"முறியாது."

"அதே சட்டம்தான். தொண்டையில ருசி தெரிஞ்சாலும் முறியாது. கண் வாய் இல்லை." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டுல அவங்களைத் திட்டாதீங்க. அந்த அம்மா அல்லாஹ்வுக்குப் பயந்து செஞ்சது. நீங்க எதுக்குப் பயப்படுறீங்க?" என்றார்.

"கண்ணு போயிடுமோன்னு."

"அதுக்கும் அவன்கிட்டதான் போகணும். போறதுக்கு முன்னாடி மருந்தை விட்டுட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்து சுர்மா கதையை அவளிடம் சொன்னேன். "சரிதான்," என்றாள். "இருந்தாலும் ஸஹருக்கே விடுங்க."

அதிலிருந்து ஸஹருக்கு எழுந்தால் முதலில் அவள் கண். சோற்றுக்கு முன்னால். காலை மருந்தும் என் கைக்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில் என் கையில் மிளகாய் வாசமும் இருக்காது. சோபாவில் தலையைச் சாய்ப்பாள், கீழிமையை இழுத்து ஒரு சொட்டு, கண் மூடும், நான் உள்மூலையில் விரலை வைப்பேன். ரொம்ப அழுத்தவும் கூடாது, விடவும் கூடாது. என் விரலுக்கடியில் அவள் மூக்கெலும்பு, அதன்மேல் மெல்லிசாக ஒரு துடிப்பு. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் முகத்தை இவ்வளவு நேரம் இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. இமையோரம் ஒரு மச்சம் இருக்கிறது. சொன்னேன். "எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் புதுசு," என்றாள்.

"கசக்குதா?"

"இல்ல. பேசாதீங்க, சிரிப்பு வருது. விரல் நழுவிடும்."

பெருநாள் வந்து போனது. மணி பழையபடி எட்டுக்குப் போகவில்லை. விடியலில் சுபுஹ் தொழுதுவிட்டு ஒரு சொட்டு, பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுதுவிட்டு ஒரு சொட்டு என்று வைத்துக்கொண்டோம். இப்போது யாரும் யாருக்கும் ஃபோன் செய்ய வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் ஓரப்பார்வைச் சோதனை. இருட்டு அறையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுவிலிருக்கும் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். அங்கங்கே மினுக்கென்று சின்ன வெளிச்சம் வரும். கண்ணில் படும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். எல்லா வெளிச்சமும் யாருக்கும் தெரியாது, தெரியாவிட்டால் பதற வேண்டாம் என்று அங்கிருந்த பெண் சொல்லியனுப்பினார். நான் திரைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். பொத்தான் சத்தம் எனக்குக் கேட்டது. டிக். டிக். ஒவ்வொரு டிக்கும் அவள் கண்ட ஒரு வெளிச்சம். சில நேரம் சத்தமே வராது. அந்தச் சத்தமில்லாத நேரத்தில் எங்கோ ஒரு வெளிச்சம் வந்து, அவளுக்குத் தெரியாமலே அணைகிறது என்று நினைத்துக்கொள்வேன். உடனே டிக் என்று வரும். மூச்சு விடுவேன்.

வலது கண் முடிந்தது. இடது கண். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போனது. பிறகு நின்றுவிட்டது.

காத்திருந்தேன். வரவில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு நேரமா? மேலே, கீழே, ஓரத்தில், எங்குமே தெரியவில்லையா? மருந்து விடுபட்ட காலைகளையெல்லாம் நினைத்தேன். மெஷினை நிறுத்திவிட்டு நான் கூப்பிட்ட அத்தனை எட்டு மணிகளையும். எழுந்து திரைவரைக்கும் போய்விட்டேன். உள்ளே அந்தப் பெண் ஏதோ மெதுவாகச் சொல்வது கேட்டது. அப்புறம் மறுபடி டிக், டிக், டிக் என்று வந்தது.

அவள் வெளியே வந்ததும் முக்காட்டைச் சரிசெய்யக்கூட விடவில்லை.

"நடுவுல என்ன ஆச்சு? தெரியலயா?"

"எது?"

"பொத்தானை அமுக்கவே இல்லையே, அவ்வளவு நேரம்."

அவள் கையால் வாயை மறைத்துக்கொண்டாள். "உள்ள இருட்டு. ஏசி வேற. அசந்துட்டேன் மச்சான். அந்தப் புள்ள தோளைத் தட்டி எழுப்புச்சு."

டாக்டர் முதல் தடவை எடுத்த ஓரப்பார்வைத் தாளையும் இன்றைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இடது கண்ணில் மூக்குப் பக்கம், மேல் ஓரத்தில் கறுப்பாக ஒரு திட்டு. அது முதல் தாளிலும் இருந்தது. அதே இடம், அதே அளவு. அழுத்தம் குறைந்திருக்கிறது, மருந்து வேலை செய்கிறது, ஆபரேஷன் இப்போது வேண்டாம் என்றார். அந்தத் திட்டு மறையாது. அது பெரிதாகாமல் பார்த்துக்கொள்வதுதான் இனிமேல் நம் வேலை என்றார். 'நம்' என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன்.

"அங்கிள், ஏதாவது கேட்கணுமா?"

நாலு மாதமாகக் கேள்விகள் சேர்த்து வைத்திருந்தேன். சல்லடையைப் பற்றி, லேசரைப் பற்றி, அவளுடைய தங்கைகளும் கண்ணைக் காட்ட வேண்டுமா என்று. கடைசிக் கேள்வி ஒன்றுதான் வாயில் வந்தது. கேட்டேன். காட்ட வேண்டும், சீக்கிரம் காட்டச் சொல்லுங்கள், கூடப்பிறந்தவர்களுக்கு வர வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர்.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோதே அவள் கடைசித் தங்கைக்கு ஃபோன் போட்டுவிட்டாள். "ஏய், கண்ணைக் காட்டிட்டு வா. வலிக்குதா வலிக்கலயான்னு எல்லாம் பார்க்காத. வலிக்காது, அதான் சொல்றேன்." அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே, "இரு, உன் மச்சான் பக்கத்துலதான் இருக்காரு. அவருக்குக் கண்ணுக்குள்ள ஒவ்வொரு சந்தும் தெரியும்," என்று ஃபோனை என் கையில் கொடுத்தாள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணுக்கு முன்னால் ஒரு கண்ணாடி இருக்கிறது என்று ஆரம்பித்தேன்.